சிவப்பு திரும்பிய கண்

என் மைத்துனன் சூசையின் கண் பிழைத்ததைப் பற்றிக் காரைக்காலில் இரண்டு பேச்சுகள் உண்டு. மாதா காப்பாற்றினாள் என்று கோயிலில் சொல்கிறார்கள். புதுச்சேரி டாக்டரம்மா காப்பாற்றினார் என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. அந்தக் கண் எப்படி அந்த நிலைக்கு வந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஊரில் அது என் வீட்டாருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். அவன் மறுபடி வயலில் இறங்கி வருடங்கள் ஆகிவிட்டன. அந்த நிம்மதி வந்த பிறகுதான் எனக்கு எழுதத் துணிவு வந்தது. வீட்டு அலமாரியில் அரைகுறையாக மருந்துப் புட்டி வைத்திருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நான் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும்போது சென்ட், சாக்லேட்டோடு ஒரு பை மருந்தும் வரும். அவர்கள் திரும்பிப் போன பிறகு மிச்சம் இங்கே தங்கிவிடும். இருமலுக்கு, மூட்டு வலிக்கு, சொறிக்கு என்று வீடு வீடாகக் கைமாறும். டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளைப் படிக்க எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள்.

படித்துச் சொல்வதில் எனக்கென்று ஒரு முறை இருந்தது. அந்தத் தாளின் மேல்பாதியில் மருந்து எதற்கு, எத்தனை வேளை என்று இருக்கும். கீழ்ப்பாதியில் யாருக்குக் கூடாது, என்ன கெடுதல் வரலாம் என்று இருக்கும். நான் மேல்பாதியை மட்டும் தமிழில் சொல்வேன். முன்பு ஒருமுறை முழுவதையும் சொன்னதில் ஓர் அம்மாள் பயந்துபோய் நல்ல மருந்தைக் கொல்லையில் கொட்டிவிட்டாள். அதற்குப் பிறகு, படிக்காதவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். அது அவர்கள் மேல் எனக்குள்ள அக்கறை என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

சூசை என் மனைவி லூர்துவின் தம்பி. வரிச்சிக்குடியில் சொந்த நிலமும் குத்தகை நிலமுமாகப் பயிர் செய்கிறவன். சிறுவயதில் அம்மை போட்டபோது அவனுக்கு இடது கண் போய்விட்டது. தாயில்லாத பிள்ளையை வேப்பிலையால் வருடி உட்கார்ந்திருந்தவள் லூர்துதான். ஆகவே அவனுக்கு இருந்தது வலது கண் ஒன்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சம்பா அறுவடை. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது காற்று திசை மாறி, உமித் தூசி அவன் முகத்தில் அடித்தது. நெல்லின் சுணை ஏதோ கண்ணில் பட்டது. தண்ணீர் விட்டுக் கழுவினான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். உறுத்தல் போகவில்லை. கண் செம்பருத்தியாகச் சிவந்ததும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

தாய்ப்பால் விட்டதைக் கேட்டு நான் சிரித்தேன். என் சொல்தா நண்பர் ஒருவர் கண் ஆபரேஷனுக்குப் பிறகு விட்டுக்கொண்ட சொட்டு மருந்து, பாதிப் புட்டி என்னிடம் இருந்தது. கார்ட்டிசோன் கலந்தது. தாளை விரித்துப் படித்தேன். சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் என்று மேலே இருந்தது. கருவிழியில் புண் இருந்தாலோ, பூஞ்சை பிடித்திருந்தாலோ விடவே கூடாது என்று கீழே இருந்தது. அதையும் படித்தேன். சூசையிடம் மேல்பாதியைச் சொன்னேன்.

இரண்டாம் நாளே சிவப்பு போய்விட்டது. வலியும் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, "எங்க அத்தான் படிச்ச படிப்புக்கு மருந்து பேசுது" என்று அவன் நாலு பேரிடம் சொன்னான். நான் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த வாரம் வந்தான். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது, வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்றான். வாசலில் நிறுத்திப் பார்த்தேன். கருவிழியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெண்புள்ளி இருந்தது. அதன் ஓரம் கோழி இறகு போலப் பிசிறியிருந்தது. தாளின் கீழ்ப்பாதி நினைவுக்கு வந்தது. இருந்தாலும் வாய், இன்னும் அடிக்கடி விடச் சொன்னது. அவன் விட்டான்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. சோற்றில் கையை வைக்கத் தட்டைத் துழாவுகிறான் என்று அவன் மனைவி தெரேசு சொல்லி அனுப்பினாள். ஊர் ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், அன்றைக்கே புதுச்சேரிக்குக் கொண்டு போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு சூசை என் தோளில் சாய்ந்து வந்தான். ஒவ்வொரு ஊர் வரும்போதும் எந்த ஊர் என்று கேட்டான். சீர்காழி என்றேன், சிதம்பரம் என்றேன். நடுவே கொள்ளிடம் பாலத்தில் பஸ் போகும் சத்தத்தை வைத்து, "ஆத்துல தண்ணி இருக்கா அத்தான்?" என்றான். இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கண் பிரிவின் வராந்தாவில் கூட்டம் அதிகம். ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியவர்களும் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டவர்களும் பெஞ்சு நெடுக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. பார்த்தது ஒரு டாக்டரம்மா. முப்பத்தைந்து வயது இருக்கலாம், கும்பகோணம் பக்கத்துப் பேச்சு. விளக்குப் பொருத்திய கருவியில் சூசையின் முகவாயை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"கண்ணுல என்னென்ன மருந்து விட்டீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்பு சூசை சொன்னான். "ஒண்ணும் விடலைங்க. தாய்ப்பால்தான் விட்டோம்."

எனக்காகச் சொன்னான். படித்த அத்தானை ஆஸ்பத்திரியில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று சொன்னான். புட்டி என் பைக்குள் இருந்தது. நான் பையைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா மரத்துப்போகும் சொட்டு விட்டு, மெல்லிய தகடு ஒன்றால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்தார். அதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சோதனைக்கு அனுப்பினார். வார்டில் படுக்கை கிடைத்தது. மரத்தது தெளிந்ததும் சூசைக்கு வலி தாங்கவில்லை. சாயங்காலம் மெதுவாகக் கேட்டான். "அத்தான், நம்ம மருந்து ஒரு சொட்டு விடுங்களேன். அதுதான் கேக்குது." விட்டேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

மறுநாள் காலை டாக்டரம்மா என்னைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டார். நான் வாத்தியார் என்று தெரிந்துகொண்டதால் விவரமாகச் சொல்லலாம் என்று நினைத்திருக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடி போன்ற இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தன. ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் படர்கிறதே, நனைந்த வைக்கோலில் கறுப்பாகப் பிடிக்கிறதே, அந்தப் பூஞ்சை இனம்தான் இது என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய வரையில் எழுதுகிறேன். பூஞ்சையின் நுண்விதைகள் இல்லாத இடமே இல்லை. நாம் இழுக்கும் மூச்சில் இருக்கின்றன, களத்துத் தூசியில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நாம் நலமாக இருப்பது உடம்பு ஓயாமல் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான். தோல் செதில் செதிலாக உதிர்ந்து, ஒட்டியதை உதறிவிடுகிறது. இமை துடைக்கிறது. கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. கிருமியின் உறையைக் கரைக்கும் பொருளும், கிருமி வளர வேண்டிய இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருளும் அதில் உண்டு. உடம்புச் சூடே ஒரு காவல்தான். பெரும்பாலான பூஞ்சைகளுக்கு அந்தச் சூடு ஆகாது. கண்ணின் மேற்பரப்போ காற்றுப் பட்டுச் சற்றுக் குளிர்ந்திருக்கிறது, அங்கே அவை பிழைத்துக்கொள்ளும். போதாததற்கு, கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அது தெளிவாக இருப்பதே அதனால்தான். அங்கே ஆபத்து என்றால் வெள்ளை அணுக்கள் ஓரத்திலிருந்து புறப்பட்டு வர வேண்டும்.

வந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். விதையாக இருக்கும்போதே பிடித்தால் ஓர் அணுவே அதை விழுங்கிவிடும் என்றார். முளைத்து இழையாக நீண்டுவிட்டால் விழுங்க முடியாது. அணுவை விட இழை பல மடங்கு நீளம். அப்போது பல அணுக்கள் சேர்ந்து இழையை ஒட்டிப் படுத்துக்கொண்டு, தங்களிடம் உள்ள நஞ்சை அதன்மேல் கொட்டும். இழையும் சாகும், அவையும் சாகும். இந்தச் சண்டைக்கு ஆளும் தளவாடமும் கொண்டு வர ரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதைத்தான் நாம் கண் சிவந்திருக்கிறது என்கிறோம்.

பிறகு தன் குழப்பத்தைச் சொன்னார். "இவ்வளவு இழை ஓடியிருக்கு. கண்ணு ரத்தமா செவந்திருக்கணும் சார். வெள்ளையா இருக்கு. உடம்பு ஏன் சண்டையே போடலைன்னு புரியல. சர்க்கரை இருக்கான்னு பார்க்கணும். வேற பெரிய வியாதி ஏதாவது உள்ள இருக்கான்னும் பார்க்கணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. சிவப்பை அடக்கும் என்று நான் மொழிபெயர்த்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் புரிந்தது. வெளியே வந்தபோது, இல்லாத வியாதியைத் தேட சூசையின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பவும் அந்த அறைக்குப் போய் மேசைமேல் புட்டியை வைத்தேன். எத்தனை நாளாக விட்டோம், கடைசியாக எப்போது விட்டேன் என்று எதையும் விடாமல் சொன்னேன்.

டாக்டரம்மா லேபிளைப் படித்தார். முகம் சிவந்தது.

"உங்களைத் திட்ட எனக்கு இப்ப நேரம் இல்ல" என்றார். "இந்த மருந்து காவக்காரனையெல்லாம் வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிடும். திருடன் பாட்டுக்கு உள்ள இருப்பான். இதை நிறுத்துனதும் கண்ணு செவக்கும், வலி கூடும், பார்க்கவே பயமா இருக்கும். அது நல்லதுக்குன்னு அவருக்குத் தெரியணும். நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சூசையின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். நான் முடித்த பிறகு கேட்டான்.

"அந்தத் தாள்ல போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துது."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் லூர்து வந்தாள். அவளிடமும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "அம்மையில ஒரு கண்ணைத்தான் என்னால காப்பாத்த முடிஞ்சுது. அதை உங்களை நம்பித்தானே அனுப்புனேன்" என்றாள். தம்பியின் தலைமாட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். பூஞ்சைக்கான சொட்டு மருந்து அப்போது சுலபமாகக் கிடைக்காது, மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். பால் போல வெள்ளையாக இருக்கும், அடியில் தங்கிவிடும், குலுக்கித்தான் விட வேண்டும். மணிக்கொரு தரம், இரவிலும். நர்ஸ் யார் விடுவீர்கள் என்று கேட்டபோது லூர்து என்னைக் காட்டினாள். "அவருதான் விடணும்" என்றாள்.

டாக்டரம்மா சொன்னபடியே ஆயிற்று. கண் சிவக்கத் தொடங்கியது. முதலில் ஓரம், பிறகு வெள்ளை விழி முழுவதும். இமை வீங்கியது. ஒரு காலையில் கருவிழிக்குப் பின்னால், அடியில், பிறை போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. சீழ். லூர்து அதைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய் அழுதாள். டாக்டரம்மா கருவியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்த வார்டில் சந்தோஷமாக இருந்தது அவர் ஒருவர்தான். அந்த வெள்ளைக் கோடு பூஞ்சை அல்ல, சண்டையில் குவிந்த வெள்ளை அணுக்கள் என்று விளக்கினார். "ஆளு வந்துட்டாங்கம்மா. மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி இவங்க செய்யணும்" என்று லூர்துவின் முதுகில் தட்டினார். இந்தச் சண்டையில் கருவிழிக்கும் அடிபடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அணுக்கள் கொட்டும் நஞ்சு பூஞ்சை எது, கண் எது என்று பார்க்காதாம். புண் ஆறினாலும் தழும்பு இருக்கும். அது கண்ணின் பாவைக்கு நேராக விழுமா, ஒதுங்கி விழுமா என்பதில்தான் பார்வை இருக்கிறது என்றார்.

அந்த ஒரு கேள்வியோடு நாங்கள் நாட்களைத் தள்ளினோம். சூசை என்னோடு பேசவில்லை. ஆனால் மணியானதும் நான் புட்டியைக் குலுக்கும் சத்தம் கேட்டு மல்லாந்து படுப்பான். நான் கீழ் இமையை விரலால் இழுப்பேன். அவன் முகம் என் கைக்குள் இருக்கும். சொட்டு விழுந்ததும் இமையை மூடித் திரும்பிக்கொள்வான். இரவும் பகலும் இப்படியே. வேறு யாருடைய கையையாவது அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கடலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தார். எங்கள் மௌனம் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள், "ஏன் சார், உங்க ரெண்டு பேர்ல யாருக்கு வாய்ல ஆபரேஷன்?" என்று கேட்டார். லூர்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சூசையின் வயிறு குலுங்கியதை நான் பார்த்தேன். அதோடு சரி.

லூர்துவும் என்னிடம் அதிகம் பேசவில்லை. தெரிந்தவர் வீட்டில் தங்கி, சமைத்துக் கொண்டுவருவாள். கேரியரில் மேல் அடுக்கு தம்பிக்கு, குழைந்த சோறும் ரசமும். கீழ் அடுக்கைப் பேசாமல் என் பக்கம் நகர்த்துவாள். அதில் ஒருநாளும் கருவாடோ மீன் வறுவலோ இல்லாமல் இருந்ததில்லை. என் மேல் அவ்வளவு கோபம் இருந்தபோதும் எனக்கு என்ன பிடிக்கும் என்பதை அவள் மறக்கவில்லை. அதைச் சாப்பிடத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா சில நாட்களுக்கு ஒருமுறை புண்ணைச் சுரண்டி விடுவார். மேலே படிந்ததை எடுத்தால்தான் மருந்து உள்ளே இறங்கும் என்பார். மெதுவாக அந்தக் கோழி இறகுப் பிசிறு மழுங்கியது. வெள்ளைப் பிறை சிறுத்து, ஒருநாள் காணாமல் போயிற்று. சிவந்த நூல்கள் போலச் சில ரத்தக் குழாய்கள் ஓரத்திலிருந்து புண்ணை நோக்கி நீண்டிருந்தன. ஆற்றுவதற்கு வந்தவை என்றார் டாக்டரம்மா. சோதனை அறையில் கடைசியாகச் சுரண்டியதை என்னையும் பார்க்கச் சொன்னார். வெகுநேரம் தேடினேன். ஓர் இழைகூட இல்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் கவனிக்காதது போல வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் சொல்தா வீட்டுக்காரர்கள் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நான் கீழ்ப்பாதியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன். கண் மருந்தாக இருந்தால் படிப்பதே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். களத்தில் சுணை பட்டுக் கண் சிவந்தால் பயப்பட வேண்டியதுதான், ஆனால் அந்தச் சிவப்பு எதிரி அல்ல. அது எதைக் கண்டு வந்தது என்று தெரியாமல் அதை அடக்கக் கூடாது. எனக்கு இதைத் தெரிந்துகொள்ள ஒருவனுடைய ஒற்றைக் கண் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்குச் சில நாள் முன்பு, காலை மருந்து வேளை. ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. வெளிச்சம் கண்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொள்கிறவன் அன்று மூடவில்லை. நான் புட்டியைக் குலுக்கிக்கொண்டு குனிந்தேன். இமையை இழுத்தேன். கருவிழியின் கீழோரத்தில் சுண்ணாம்புப் பொட்டு போலத் தழும்பு இருந்தது. அதற்கு மேலே விழி தெளிவாக இருந்தது. அந்த விழி என் முகத்தில் இங்கும் அங்கும் அசைந்தது. நெற்றிக்குப் போயிற்று, கன்னத்துக்கு வந்தது, முகவாயில் நின்றது.

"அத்தான்" என்றான். "சவரம் பண்ணி எத்தனை நாளாச்சு? பரதேசி மாதிரி இருக்கீங்க."

சொட்டு அவன் மூக்கின் மேல் விழுந்தது.

"கண்ணு மேல இருக்கு" என்றான். பக்கத்துக் கட்டில் பெரியவர் கட்டுக்குள்ளிருந்து சிரித்தார். லூர்து ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து தம்பியின் முகத்துக்கு நேரே நின்றாள். நான் மறுபடி குலுக்கி, இரண்டு கையாலும் பிடித்து, சரியாகக் கண்ணில் விட்டேன். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சவரக்காரரிடம் போய் முகத்தைக் கொடுத்தேன்.